சார்ஜா மணலில் ஒரு தரவரிசைக் கணக்கு

புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று சங்கத்து அண்ணைமார் கேட்டபோது, எனக்கு என்ன எழுதத் தெரியும் என்றுதான் முதலில் சொன்னேன். 2010இல் ஏ.எல். கணிதப் பிரிவில் எடுத்தவன். கம்பஸ் கிடைக்கவில்லை. அதோடு படிப்பு முடிந்தது. 2013 தொடக்கம் 2018 வரை சார்ஜாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இப்போது லண்டனில் இன்னொரு தொழிற்சாலையில் இரவு வேலை. "அப்ப உமக்குத் தெரிஞ்சதை எழுதும்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு: கிரிக்கெட், கொஞ்சம் கணக்கு. அந்த இரண்டும் வளைகுடா நாடுகளில் எப்படி ஒன்றாய்ச் சேர்ந்தன என்பதன் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

அழைப்பில் நடந்த ஆட்டம்

பாலைவனத்தில் கிரிக்கெட் எப்படி வந்தது என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்பார்கள். அதைக் கொண்டுவந்தவர்கள் வேலைக்குப் போன எங்கட பக்கத்து ஆட்கள்தான்: பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆட்கள். அவர்களின் ஆசைக்கு மைதானம் கட்டிக் கொடுத்தவர் சார்ஜா வர்த்தகர் அப்துல் ரஹ்மான் புகாதிர். 1981இல் கவாஸ்கர் அணியும் மியாண்டாட் அணியும் அங்கே ஒரு காட்சிப் போட்டி விளையாடின. பிறகு 1984 ஏப்ரல் 6ஆம் திகதி சார்ஜாவில் முதலாவது சர்வதேச ஒருநாள் போட்டி நடந்தது. முதலாவது ஆசியக் கிண்ணத்தின் முதலாவது ஆட்டமும் அதுதான். அன்றைக்கு இலங்கை பாகிஸ்தானை வென்றது. கிண்ணத்தை இந்தியா எடுத்தது.

அதன் பிறகு இருபது வருடமளவும் சார்ஜா என்றால் வெள்ளிக்கிழமையும் கிரிக்கெட்டும்தான். 1986இல் கடைசிப் பந்தில் மியாண்டாட் அடித்த ஆறு ஓட்டத்தை எங்கட காம்பில் இருந்த பாகிஸ்தான்காரர் ஒவ்வொருவரும் தாங்கள் நேரில் பார்த்ததாகவே சொல்லுவார்கள். 2000 ஒக்ரோபர் 29 இறுதியாட்டத்தில் ஜயசூரிய 189 ஓட்டம் எடுத்ததும், இந்தியா 54 ஓட்டத்துக்குச் சுருண்டதும் அங்கேதான். 245 ஓட்ட வித்தியாசம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் சார்ஜாவுக்கு ஒரு அணி வருவது அழைப்பினால். யார் வந்தால் கூட்டம் வரும், யார் வந்தால் விளம்பரம் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. உலகத்தில் எது முதலாம் அணி, எது ஏழாம் அணி என்று சொல்ல எவரிடமும் ஒரு அளவுகோல் கிடையாது. உலகக் கிண்ணம் நாலு வருடத்துக்கு ஒருக்கா வரும். இடையில் எல்லாம் வாய்ப் பேச்சுத்தான்.

அளவுகோல் வந்த கதை

மற்ற விளையாட்டுகள் முந்திவிட்டன. சதுரங்கத்துக்கு ஒரு பௌதிகப் பேராசிரியர் வழி காட்டினார். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அர்ப்பாட் ஈலோ என்பவர். அவர் முறையை அமெரிக்கச் சதுரங்கச் சங்கம் 1960இலும் உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இலும் ஏற்றன. அவர் சொன்னது எளிமையான விஷயம்: வெற்றியை மட்டும் எண்ணாதே, யாரை வென்றாய் என்று பார். பலசாலியை வென்றால் நிறைய ஏறு, மெலிந்தவனை வென்றால் கொஞ்சம் ஏறு. உதைபந்தாட்டத்தில் பீபா 1992 டிசம்பரில் தரவரிசையைத் தொடங்கியது. ஈலோவின் வழிக்கு அது வந்தது 2018இல்தான்.

கிரிக்கெட்டில் முதலில் வந்தது வீரர்களுக்கான தரப்புள்ளி. இங்கிலாந்தின் முன்னாள் தலைவர் ரெட் டெக்ஸ்ரரும் இரண்டு புள்ளிவிபரக்காரரும் சேர்ந்து 1987இல் தொடக்கினார்கள். எங்கட முரளிதரன் ரெஸ்ட் பந்துவீச்சாளர் வரிசையில் 1,711 நாள் முதலிடத்தில் இருந்தது அந்தக் கணக்கில்தான்.

அணிகளுக்கான வரிசையை ஐ.சி.சி. 2001இல் ரெஸ்ட் போட்டிக்குக் கொண்டுவந்தது. அந்த முதல் கணக்கு பிழைத்துப் போனது. தொடரை வென்றால் இத்தனை புள்ளி என்று மட்டும் எண்ணினார்கள், எதிரி யார் என்று பார்க்கவில்லை. 2003 ஜனவரியில் தென்னாபிரிக்கா முதலிடத்துக்கு வந்தது. அவுஸ்திரேலியா எல்லாரையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த காலம் அது! சின்னப்பிள்ளைக்கும் தெரியும் பிழை என்று. பிறகு டேவிட் கென்டிக்ஸ் என்ற ஆங்கிலேயப் புள்ளிவிபர நிபுணரின் கணக்குக்கு மாறினார்கள். அவருடைய முறை 2002இலேயே ஒருநாள் போட்டிகளுக்கு வந்துவிட்டது. 2005இல் ஐ.சி.சி. லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தை விட்டு டுபாய்க்குக் குடிபோனது. அப்படித்தான் உலகக் கிரிக்கெட்டின் தரவரிசை டுபாய் விலாசத்திலிருந்து வரத் தொடங்கியது.

கணக்கு இவ்வளவுதான்

இந்தச் சூத்திரத்தை ஓ.எல். பிள்ளையும் செய்யலாம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு தரப்புள்ளி உண்டு. இரண்டு அணிகளுக்கும் இடையில் 40க்குக் குறைந்த வித்தியாசம் என்றால், வென்றவருக்கு எதிரணியின் தரப்புள்ளியோடு 50 கூட்டிக் கொடுப்பது. தோற்றவருக்கு எதிரணியின் தரப்புள்ளியில் 50 கழித்துக் கொடுப்பது. 120 உள்ள அணியை 100 உள்ள அணி வென்றால், வென்றவருக்கு 170, தோற்றவருக்கு 50. மாறி நடந்தால் 150உம் 70உம். எப்படிப் பார்த்தாலும் கூட்டுத்தொகை 220தான். ஒருத்தருக்கு ஏறுவது மற்றவரிடமிருந்து எடுத்ததுதான்.

வித்தியாசம் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேறு விதி. பலசாலி வென்றால் தன் தரப்புள்ளியோடு வெறும் 10தான் கூட. மெலிந்தவன் தோற்றால் 10தான் குறைய. ஆனால் மெலிந்தவன் வென்றால் தன் புள்ளியோடு 90 கூட, தோற்ற பலசாலிக்கு 90 குறைய. எல்லாப் போட்டியின் புள்ளியையும் கூட்டிப் போட்டிகளின் எண்ணிக்கையால் பிரித்தால் புதிய தரப்புள்ளி. கடந்த சில வருடப் போட்டிகளை மட்டும் எடுப்பார்கள். அதிலும் பழையவற்றுக்குப் பாதி நிறைதான். ஒருநாள் போட்டிக்கும் இருபது ஓவருக்கும் இதுதான் முறை. ரெஸ்ட்டுக்குக் கொஞ்சம் மாற்றம் உண்டு.

இந்தக் கணக்கு எதைப் பார்க்கவில்லை என்பதும் முக்கியம். 245 ஓட்டத்தால் வென்றாலும் ஒரு ஓட்டத்தால் வென்றாலும் ஒரே புள்ளி. சொந்த மண்ணா அந்நிய மண்ணா என்ற கேள்வியும் இல்லை.

ஒருமுறை தொலைபேசியில் அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். அப்பா, 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து, தமிழ் மொழியில் எழுதின பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் போகக் கூடின புள்ளி வேணும் என்று வைத்த காலத்தைக் கண்டவர். நான் சொல்லி முடிய அவர் கேட்டது ஒன்றுதான்: "கணக்குப் பிழைக்காது தம்பி. எதைக் கணக்கில எடுக்கிறாங்கள் எண்டு பார்." அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குள்ளே நிற்கிறது.

காம்பில் நடந்தது

எங்கட காம்பில் எட்டு அறை அணிகள். குளிர் மாதங்களில் வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கே லொறி நிற்பாட்டும் மண் வெளியில் ஆட்டம் தொடங்கும். ரெனிஸ் பந்துக்கு ரேப் சுற்றி விளையாடுவோம். எங்கட அறையில் நாங்கள் ஐந்து ஈழத் தமிழர், இரண்டு மலையாளி. எதிர் அறையில் பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர். அவர்களில் இரண்டு பேர் உண்மையில் ஆப்கானியர், பெஷாவர் அகதி முகாமில் வளர்ந்தவர்கள்.

2016 தொடக்கத்தில் வெளியில் ஒரு சுற்றுப்போட்டி. காம்பிலிருந்து ஒரு அணிதான் போகலாம். போகிறவர்களுக்குச் சம்பளத்தோடு ஒருநாள் லீவு, வாகனம், சாப்பாடு. வருடத்துக்கு ஒருநாள்கூட அப்படிக் கிடைக்காத எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எங்களுக்கு 11 ஆட்டத்தில் 9 வெற்றி. பட்டாணியருக்கு 10இல் 6. நாங்கள் தான் போவது என்று எங்கட பொடியள் சேர்ட் கூடத் தைக்கக் குடுத்திட்டினம். பட்டாணியர் ஒத்துக்கொள்ளவில்லை. "புது ஆட்களை வென்று வென்று கணக்குக் காட்டுகிறீர்கள்" என்றார்கள். சண்டை வரும் போல இருந்தது. போர்மன் என்னைக் கூப்பிட்டு, "நீ கணக்குப் படிச்சவன்தானே, நீயே சொல்லு" என்றார்.

இரவு இரண்டு மணி மட்டும் இருந்து, கென்டிக்ஸின் சூத்திரத்தை எட்டு அணிக்கும் போட்டேன். எங்கட 9 வெற்றியில் 7, கடைசி இரண்டு அறைகளோடு. ஒவ்வொன்றுக்கும் சொந்தப் புள்ளியோடு 10தான். பட்டாணியரின் ஆறு வெற்றியும் பலமான அறைகளோடு. விடை: அவர்களுக்கு 118, எங்களுக்கு 110.

உண்மையைச் சொல்லுறன். அந்தத் தாளை இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பிழை எங்கேயாவது இருக்கும் என்று மூன்று தரம் திரும்பச் செய்தேன். இல்லை. அறைக்காரரிடம் காட்டினபோது, "உன்ர கணக்கைக் கிழிச்சுப் போடு" என்றான் ஒருவன். கிழித்திருக்கலாம். ஆருக்கும் தெரியாது. ஆனால் அதே தொழிற்சாலையில் ஒரே மெசினில் ஒரே வேலை செய்கிற எங்களுக்குப் பாஸ்போட்டைப் பார்த்துத்தான் சம்பளம் போட்டார்கள். அதை நாங்கள் ஒவ்வொரு மாதமும் திட்டினோம். கணக்கில் ஆளைப் பார்க்கிறார்கள் என்று திட்டின நானே ஆளைப் பார்த்துக் கணக்கை மறைக்கலாமா? மூன்றாம் நாள் மெஸ் சுவரில் ஒட்டினேன். பட்டாணியர் போனார்கள். எங்கட அறையில் ஒரு கிழமை என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை.

தாளை ஒட்டின அன்று பின்னேரம் கடைசி அறையிலிருந்த திண்டுக்கல் தம்பி ஒருவன் பட்டியலைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கேட்டான்: "அண்ணே, நைட் ஷிப்ட் போட்டதால நாங்க பாதிப் பேரு வராத வெள்ளிக்கிழமைக்கும் இதுதானா பாயிண்ட்?" எனக்குப் பதில் வரவில்லை. அவர்கள் புதிதாக வந்தவர்கள், பெரும்பாலும் இரவு வேலை, நித்திரை இல்லாமல் வந்து விளையாடித் தோற்றவர்கள். என்னுடைய கணக்கில் ஒரு இலக்கமும் பிழையில்லை. ஆனால் அப்பா கேட்ட கேள்வியைத்தான் அவனும் கேட்டான்.

வீடில்லாத அணிகள்

அந்த வருடமே இன்னொரு சங்கதி நடந்தது. 2009 மார்ச் 3ஆம் திகதி லாகூரில் இலங்கை அணியின் பஸ்ஸின்மேல் தாக்குதல் நடந்த பிறகு பாகிஸ்தானுக்கு அநேகமாக ஒருவரும் விளையாடப் போவதில்லை. தங்கள் சொந்தப் போட்டிகளை அவர்கள் டுபாயிலும் அபுதாபியிலும் சார்ஜாவிலும் வைத்தார்கள். வீட்டை விட்டு வந்தவன் வாடகை வீட்டில் கலியாணம் வைப்பது போல. அப்படியிருந்தும் 2016 ஓகஸ்டில் இங்கிலாந்தில் தொடரை 2-2 என்று சமன் செய்த பிறகு, மேற்கிந்தியாவில் இந்தியாவின் கடைசி ரெஸ்ட் மழையில் போக, பாகிஸ்தான் ரெஸ்ட் வரிசையில் முதலிடத்துக்கு வந்தது. இந்தத் தரவரிசை வந்த பிறகு அவர்களுக்கு அது முதல் தடவை. அன்றிரவு எதிர் அறையில் நித்திரை இல்லை. எங்களுக்கும் இனிப்பு வந்தது. ஒரு கிழமை பேசாதவர்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஆப்கானிஸ்தானின் கதை அதைவிடப் பெரிது. பெஷாவர் அகதி முகாம்களில் கிரிக்கெட் பழகிய பிள்ளைகளின் அணி அது. 2001இல் ஐ.சி.சி.யில் சேர்ந்தார்கள். 2012 பெப்ரவரியில் சார்ஜாவில் பாகிஸ்தானோடு ஒருநாள் போட்டி விளையாடினார்கள். 2016 உலகக் கிண்ணத்தில், பின்னர் கிண்ணத்தையே எடுத்த மேற்கிந்திய அணியை 6 ஓட்டத்தால் வென்றார்கள். 2017 ஜூனில் முழு உறுப்புரிமை கிடைத்தது.

2018 டிசம்பர் 31ஆம் திகதி ஐ.சி.சி. இருபது ஓவர் தரவரிசையில் கோடு கிழித்தது. முதல் எட்டு அணிகள் உலகக் கிண்ணத்தின் பிரதான சுற்றுக்கு நேரே போகும், மற்றவர்கள் முதற் சுற்று விளையாடி வரவேணும். எட்டாவது ஆப்கானிஸ்தான். ஒன்பதாவது இலங்கை! 2009, 2012, 2014 என்று மூன்று இறுதியாட்டம் விளையாடி, 2014இல் கிண்ணமும் எடுத்த இலங்கை வாசலில் வரிசையில் நின்றது. அகதி முகாமில் இருந்து வந்தவன் உள்ளே போனான்.

இலங்கை அணியைப் பற்றி எங்கட வீடுகளில் ஒரே கருத்து இல்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கதைக்க நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது, பழைய பேரையும் கிண்ணத்தையும் அந்தச் சூத்திரம் கண்டுகொள்ளவில்லை என்பதுதான்.

கொரோனாவால் பிந்தி, அந்தப் போட்டி 2021 ஒக்ரோபரில் எமிரேட்சிலும் ஓமானிலும் நடந்தது. இலங்கை அபுதாபியிலும் சார்ஜாவிலும் நமீபியா, அயர்லாந்து, நெதர்லாந்து மூன்றையும் வென்று உள்ளே வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் தாலிபான்கள் காபூலைப் பிடித்திருந்தார்கள். ஒக்ரோபர் 25ஆம் திகதி சார்ஜாவில், பழைய மூவர்ணக் கொடியோடு ஆப்கானியர் இறங்கினார்கள். தேசிய கீதம் பாடும்போது தலைவர் முகமது நபி கண்கலங்கினார். அன்று ஸ்கொட்லாந்தை 60 ஓட்டத்துக்குச் சுருட்டி 130 ஓட்டத்தால் வென்றார்கள். நான் இங்கே லண்டனில் தொலைக்காட்சியில் பார்த்து அழுதேன். எதிர் அறை ஆப்கானியர் இருவரையும் நினைத்தேன்.

பட்டியலில் இல்லாதவர்கள்

2019 வரை குவைத், கட்டார், பஹ்ரேன், சவூதி அரேபியா போன்ற அணிகள் இந்த வரிசையிலேயே கிடையாது. கடைசி இடத்தில் இருப்பது வேறு, பட்டியலிலேயே இல்லாமல் இருப்பது வேறு. அவர்கள் ஆடினது சர்வதேசப் போட்டியாகவே எண்ணப்படவில்லை. 2019 ஜனவரி 1ஆம் திகதி தொடக்கம் எல்லா உறுப்பு நாட்டு ஆண்கள் அணிகளும் தங்களுக்குள் ஆடும் இருபது ஓவர் போட்டிக்குச் சர்வதேச அந்தஸ்துக் கிடைத்தது. பெண்கள் அணிகளுக்கு ஆறு மாதம் முந்தியே, 2018 ஜூலையில் கிடைத்துவிட்டது. 2019 மே மாதம் ஆண்கள் வரிசையில் 80 அணிகள் இடம்பெற்றன. வளைகுடா அணிகளில் ஆடுபவர்களில் அநேகர் எங்களைப் போல வேலைக்குப் போனவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவரைத் தமிழர்கள் மறக்கக்கூடாது. சென்னையில் பிறந்து எமிரேட்ஸ் அணிக்கு ஆடிய கார்த்திக் மெய்யப்பன். 2022 ஒக்ரோபர் 18ஆம் திகதி அவுஸ்திரேலியாவில் ஜீலோங் மைதானத்தில் இலங்கையின் மூன்று விக்கெட்டை அடுத்தடுத்த மூன்று பந்தில் எடுத்தார். இலங்கை அந்த ஆட்டத்தை 79 ஓட்டத்தால் வென்றது. ஐந்து கிழமைக்கு முன்னர் டுபாயில் ஆசியக் கிண்ணம் எடுத்த இலங்கை, அந்தமுறையும் முதற் சுற்றில்தான் நின்றது. கணக்குக்கு ஞாபகம் நீளம். ஒரு கிண்ணத்தோடு பழைய தோல்விகள் அழியாது.

முடிவாக

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் புத்தாண்டு இராசிபலன் வரும். தரவரிசை அப்படி இல்லை. அது நடக்கப்போவதைச் சொல்லாது, நடந்ததைத்தான் சொல்லும். யாரைச் சந்தித்தாய், என்ன செய்தாய் என்று மட்டும் கேட்கும். ஊர், பேர், பாஸ்போட் கேட்காது. எங்களை மாதிரி எங்கு போனாலும் முதலில் பாஸ்போட்டைக் காட்டச் சொல்லப்பட்டவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் யாருக்கு ஆட இடமே கொடுக்கவில்லை, யார் நித்திரை முழித்து வந்தார்கள் என்பதை அதுவாகப் பார்க்காது. அதை நாங்கள்தான் பார்க்கவேணும்.

வருகிற கோடையில் சங்கத்தின் விளையாட்டு விழா வருகிறது. ஒவ்வொரு வருடமும் எந்தப் பழைய மாணவர் அணி பெரிது என்று நடக்கும் சண்டை எல்லாருக்கும் தெரியும். இந்தமுறை எங்கட பிள்ளைகளிடம் சூத்திரத்தைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுவோம். அதுக்கு முன்னம், புதிதாக வந்து விடுதிகளில் இருக்கிற பொடியளுக்கும் ஒரு அணி போட்டு, அவர்களுக்கும் சம அளவு ஆட்டம் கொடுப்போம். வாகனம் நான் ஒழுங்கு செய்கிறேன். திண்டுக்கல் தம்பிக்கு அன்றைக்குச் சொல்லாத பதிலை அப்படியாவது சொல்லலாம்.

எல்லாருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.